குழாயில என்ன பிழை?

வைகாசி பிறந்தால் படுவான்கரையில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிடும். இரவில் அங்கே வழக்குரை படித்தால் எழுவான்கரையில் எங்கட வாசலுக்குக் கேட்கும். வாவித் தண்ணிக்கு மேலால வாற சத்தத்தை மறிக்க மரமும் இல்லை, மதிலும் இல்லை. சின்ன வயதில் அதைக் கேட்டபடியே நித்திரையாகிப் போவேன். இப்ப அதே குழாய் ஸ்பீக்கர் கத்தத் தொடங்கினால் ஜன்னலைப் பூட்டுகிறோம். குழாயையே தடை செய்ய வேணும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1915இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிட்ஹம் என்ற இருவர் தாங்கள் செய்த யூனிட்டில் கிராமபோன் குழாயை மாட்டிப் பார்த்தார்கள். பெரிய கூட்டத்துக்கும் பேச்சுக் கேட்டது. 1926இல் பெல் ஆய்வுகூடத்தின் வென்டேயும் துராஸும் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 யூனிட்தான் தியேட்டர்களில் படத்தைப் பேச வைத்தது. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு, முன்னால் ஒடுங்கிய வாய், அதிலிருந்து மெதுவாக விரிகிற குழாய். அவ்வளவுதான். (பலமான நிலைக்காந்தம் அப்ப கிடையாது, சுருளுக்கு மின்சாரம் கொடுத்துத்தான் காந்தமாக்கினார்கள்.) அந்தக் காலத்து வால்வு அம்ப்ளிபயர் தருவது சில வாட்ஸ். அதை வீணாக்காமல் ஒரு தியேட்டரையே நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது இந்த வடிவம்.

கணக்கைப் பாருங்க. ஒரு வாட் கொடுத்தால் சாதாரண பெட்டி ஸ்பீக்கர் ஒரு மீற்றரில் 90 டெசிபல் அளவில் பேசும். நல்ல குழாய் 110 வரை போகும். அந்த 20 டெசிபலைப் பெட்டியில் எடுக்க 100 மடங்கு வாட்ஸ் வேணும். நாங்களோ குழாய்க்கே நூற்றுக்கணக்கான வாட்ஸ் கொடுக்கிறோம்! தகடு கிழியுறமாதிரி அலறாமல் என்ன செய்யும்? கோயில் குழாயில் அடித்தொனியும் எடுபடாது. உடுக்கின் கும்மென்ற நாதம் போய், கீச்சுச் சத்தம்தான் காதைக் குத்தும்.

2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டது, விசேட நாட்களுக்குச் சில விலக்குகளோடு. நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. குழாய்களை வாவிப் பக்கம் திருப்பாமல் பந்தலுக்குள்ள திருப்புங்க, பதிவாகக் கட்டுங்க, வாட்ஸைக் குறையுங்க. படிக்கிற பிள்ளையும் நோயாளியும் இருக்கிற ஊர் இது.

போன வருசம் இதை ஸ்பீக்கர் கட்டுற அண்ணனிட்டச் சொன்னேன். "எனக்கும் தெரியும் தம்பி. சத்தம் குறைஞ்சா கூலியைக் குறைப்பாங்களே" என்றார். இந்த வைகாசிக்கு முதல் கோயில் நிருவாகத்திட்டப் பேசப் போகிறேன். கூட வாறவங்க வாங்க.