ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள்



எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் நான்காக மடித்த ஒரு தாள் ரொம்ப நாள் கிடந்தது. கேஸ் புத்தகம், கோயில் விபூதிப் பொட்டலம், தீர்ந்துபோன டார்ச் பேட்டரி இவற்றுக்கு நடுவே. பிரித்தால் உள்ளே நாலைந்து குச்சி மனிதர்கள். ஒருவர் சுவரில் விரல்களை ஏணி ஏறுவது போல ஏற்றுகிறார். ஒருவர் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்கிறார். இன்னொருவர் மேஜையைப் பிடித்துக் குனிந்து, தொங்கும் கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறார். ஓரத்தில் பேனாவால், 'தினம் 3 வேளை, 10 முறை' என்று எழுதி அடிக்கோடு வேறு.

அந்தத் தாள் என்னுடையது. பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது. அதை ஃபிரிட்ஜ் மேல் போட்டதும் நான்தான்.

கதை ரவிக்கை ஊக்கில் ஆரம்பித்தது. ஒரு நாள் வலது கையைப் பின்னால் கொண்டுபோனால் தோளில் சுரீர் என்றது. சரி, இரவு ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்று விட்டேன். பத்து நாளில் மேல் தட்டில் இருக்கும் புளி ஜாடியை எட்ட முடியவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமியார் 'வாயுப் பிடிப்பு' என்றார், பூண்டு ரசம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தைலம் கொடுத்தார். கடைசியில் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனேன். அவர் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார் பாருங்கள்... அன்று இரவு முழுக்க உட்கார்ந்தே விடிந்தது.

பிறகுதான் டாக்டர். அவர் தோளைப் பார்ப்பதற்கு முன்பே, "உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார். தோள் வலிக்கு சுகர் எதற்கு என்று எனக்கு எரிச்சல். டெஸ்ட் எடுத்தால், இருந்தது! 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிற தோள்பட்டை இறுக்கம், 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் அதிகம் வருமாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கித் தடித்துச் சுருங்கிவிடும். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகல். மொத்தமும் முடிய ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது பிடித்து இழுத்தால் வீக்கம் இன்னும் கூடும். எனக்கு நடந்தது அதுதான்.

அவர் பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே என் மகள் வயதில் ஒரு பெண். ஏதோ மெஷினில் கரண்ட் வைப்பார் என்று நினைத்துப் போனவளிடம், "தலை வாருற மாதிரி செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். செய்தேன். அவர் சிரித்துவிட்டார். "அம்மா, கை தலைக்குப் போகலை. உங்க தலைதான் கைக்கு வருது."

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, சீப்புக்குத் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக அப்படி வாரினேன் என்று எனக்கே தெரியாது. உடம்பு ஒரு இடத்தில் முடங்கினால் இன்னொரு இடத்தை வைத்துச் சமாளிக்கப் பழகிவிடும். அப்புறம் அந்த இன்னொரு இடமும் வலிக்க ஆரம்பிக்கும்.

ஒத்தடம், கொஞ்சம் கரண்ட், பிறகு அவர் கையாலேயே மெதுவாக அசைத்துவிடுவது, கடைசியில் நான் செய்ய வேண்டிய பயிற்சிகள். பத்து நாள் வரச் சொன்னார். நான்கு நாள் போனேன். வலி பாதி குறைந்தது. அந்த வாரம் மகனுக்குப் பரீட்சை, ஊரில் ஒரு கிரகப்பிரவேசம், இங்கே இதழ் முடிக்கும் நேரம். தாள் ஃபிரிட்ஜ் மேல் போனது. இரண்டு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி!

மறுபடி போய் நின்றபோது அந்தப் பெண் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தாள் எங்கம்மா?"

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். முட்டிக்குக் கொடுத்ததாக இருக்கலாம், இடுப்புக்குக் கொடுத்ததாக இருக்கலாம், கழுத்துக்காக வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவாகவும் இருக்கலாம். மூட்டு வலியைப் பற்றி ஒரு கடிதமாவது இல்லாமல் நம் ஆபீஸுக்குத் தபால் வந்த மாதம் இல்லை. எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: 'எந்த மாத்திரை நல்லது?'

மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தந்த நாட்களுக்குச் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் போய், 'முட்டி வலிக்கு ரெண்டு குடுங்க' என்று மாதக் கணக்கில் வாங்கிப் போடுகிறோமே, அது வயிற்றையும் கிட்னியையும் என்ன செய்யும் என்று யோசிக்கிறோமா? ஏற்கெனவே பி.பி., சுகர் உள்ளவர்கள் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

முட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, 'தேய்ஞ்சு போச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னதும் நம் அம்மாக்கள் நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். செருப்பு மாதிரி, நடக்க நடக்க இன்னும் தேயும் என்று பயம். நியாயமான பயம்தான், ஆனால் தப்பு. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கிற திரவம் ஸ்பாஞ்சில் புகுந்து வெளியேறுவது போலப் போய்வந்துதான் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. அசைக்காமல் வைத்தால் பட்டினி. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு நன்றாக நடப்பவர்களும் உண்டு, எக்ஸ்ரே சுமாராக இருந்தும் துடிப்பவர்களும் உண்டு. வித்தியாசம் பல சமயம் தொடைத் தசையில் இருக்கிறது. முன் தொடைத் தசை பலமாக இருந்தால் முட்டியின் மேல் விழும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். எடையும் அப்படித்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டிக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தொடைத் தசைக்கு பிசியோ சொல்லித் தரும் முதல் பயிற்சிக்கு என்ன வேண்டும் தெரியுமா? ஒரு துண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை அப்படியே பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் சிக்கலோ என்று எனக்குச் சந்தேகம். 'இதுக்கா முன்னூறு ரூபா வாங்கினாங்க?' என்று தோன்றிவிடுகிறது. நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் மெஷினை வைத்தால்தான் நமக்கு வைத்தியம் பார்த்த திருப்தி.

மெஷினுக்கும் வேலை இருக்கிறது. கரண்ட், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியையும் இறுக்கத்தையும் கொஞ்ச நேரம் தணிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பயிற்சி செய்ய முடியும், பலம் வருவது பயிற்சியால்தான். மாவுக்கட்டு பிரித்த காலைப் பார்த்திருப்பீர்களே, குச்சியாக இளைத்துப் போயிருக்கும். அசைக்காத தசை சில வாரத்தில் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அதை எந்த மெஷினும் நமக்காக வளர்த்துக் கொடுக்காது.

இந்த விஷயத்தில் நம் வேலூருக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1940களின் கடைசியில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய ஆரம்பித்தார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைப்பார். தையல் போட்டால் விரல் தானாக நிமிர்ந்துவிடுமா? நேற்று வரை வேறு வேலை பார்த்த தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். அந்தப் பாதி பிசியோதெரபியின் வேலை. அவரோடு அங்கே வேலை பார்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ வாங்கினார். முட்டி மாற்று ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, வலிக்கிறது என்று பிசியோவை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது வேலூர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. முதல் சில வாரத்தில் மடக்கிப் பழகாத புது முட்டி, பிறகு மடங்க அடம்பிடிக்கும்.

'நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே, அதுவே எக்சர்சைஸ்தானே?' என்பது நம் வீட்டுப் பெண்களின் நிரந்தரக் கேள்வி. நானும் கேட்டேன். வேலை வேறு, பயிற்சி வேறு. துணி பிழிவது, சப்பாத்தி தேய்ப்பது, குனிந்து பெருக்குவது எல்லாம் ஒரே தசையை ஒரே பக்கமாக ஆயிரம் முறை இழுப்பவை. 'டென்னிஸ் எல்போ' என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு வருகிறவர்களில் பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்க மாட்டார்கள், துணி பிழிந்தவர்கள்தான். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கும் இளம் தாய்மார்கள் இன்னொரு கூட்டம். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துகிறதா? அதற்கும் கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டி இழுக்கும் பயிற்சி உண்டு. இடுப்புப் பிடித்தால் ஒரு மாதம் படுக்கை என்ற காலமும் போய்விட்டது. முடிந்த அளவு நடமாடச் சொல்கிறார்கள் இப்போது.

ஆனால் சில வலிகளோடு நேராக பிசியோவிடமோ, சுளுக்கு எடுப்பவரிடமோ போகக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், கீழே விழுந்த பிறகு வலித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ராத்திரி படுத்தாலும் குறையாத வலி என்றால், முதலில் டாக்டர்.

பிசியோ என்று போர்டு வைத்தவர்கள் எல்லோரும் படித்தவர்களா என்றும் கேட்க வேண்டும். பி.பி.டி. என்பது நாலு வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் பயிற்சிக் காலம். 'என்ன படிச்சிருக்கீங்க தம்பி?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கதவை மூடி மெஷினை மாட்டிவிட்டு இருபது நிமிஷம் காணாமல் போகிறவரைவிட, உங்களை நடக்கச் சொல்லிப் பார்க்கிறவர் மேல்.

செலவுதான் பிரச்னை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. நடக்க முடியாமல் வீட்டோடு கிடக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். இதே திட்டத்தில் பி.பி. மாத்திரை வாங்கும் பலருக்கு இந்தப் பகுதி தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனால் வீடே கூடி நிற்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். அப்பா பத்து முறை செய்து முடிக்கும்வரை விடுவதில்லை. அதே அம்மாவுக்குத் தோள் பிடித்தால் எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்? காலையில் அவர் பதினைந்து நிமிஷம் தரையில் பாய் விரித்தால், 'டிஃபன் என்னாச்சு?' என்று எத்தனை குரல் வருகிறது? நான் நாலாவது நாளில் நின்றதற்குப் பரீட்சையும் கிரகப்பிரவேசமும் காரணம் என்று எழுதினேனே, முழு உண்மை அது இல்லை. எனக்கென்று பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொள்ள எனக்கே கூச்சம்.

இரண்டாவது முறை நான் வீட்டில் சொல்லிவிட்டேன். காலை ஆறே முக்காலிலிருந்து ஏழு வரை நான் சுவரோடு இருப்பேன், யாரும் கூப்பிடக் கூடாது. மகன் சுவரில் பென்சிலால் கோடு போட்டான், விரல் அன்று எட்டிய உயரத்துக்கு. வாரம் ஒரு கோடு. சில வாரம் கோடு ஏறவே இல்லை, ஒரு வாரம் இறங்கியது. கோடு கதவு நிலையின் மேல் விளிம்பு வரை வர ஏழு மாதம் ஆனது. பெயின்ட் அடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினம். அன்றைக்கு வாழ்த்து ஸ்டேட்டஸ் எல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு முறை பாருங்கள். தாள் கிடைத்தால் அது யாருடையதோ, அவருக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். கோடு எவ்வளவு ஏறியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்