கடன் சம்பளமாகாது

பெண்ணின் கையில் கடன் கொடுத்தால் வறுமை ஓடிவிடும் என்று லயத்துக்கு லயம் வந்து சொல்கிறார்கள். பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு ஒருவரைப் பிணை வைத்து, கிழமை தவறாமல் அறவிடுகிறார்கள். இதற்குப் 'பெண் வலுவூட்டல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு மெய்யா என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முடிவை நமக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

இந்தியாவின் ஹைதராபாத் நகரில் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்து, பாதி இடங்களில் நுண்கடனை முதலில் கொடுத்தார்கள். மறுபாதியை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்த சிலர் அதைப் பெருக்கினார்கள். ஆனால் உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு ஆகியவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வை எழுதியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். பொஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் அதே முடிவுக்கு வந்தன. கடன் எல்லோரையும் கெடுத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. வறுமையை அது மாற்றவில்லை என்றார்கள்.

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியை இனாமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் இலாபம் ஏறியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஏறவில்லை. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணமே இலாபம் தராதபோது, வட்டிப் பணம் எங்கிருந்து தரும்? அவர்களுக்காவது ஒரு தொழில் இருந்தது. கடை போட நமக்குச் சொந்தக் காணி உண்டா?

2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். கடன் அறவிட வருவோர் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்பதையும் எடுத்துக்காட்டினார். இதுவா வலுவூட்டல்?

தோழர்களே, நம் பெண்கள் ஆசைக்கா கடன் வாங்குகிறார்கள்? கிலோ குறைந்தால் அரைப்பேர், மழை பிடித்தால் வேலை இல்லை. அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிச் சப்பாத்துக்கும் வாங்குகிறார்கள். சம்பளத்தில் விழுந்த ஓட்டையைக் கடன்காரன் வட்டி போட்டு அடைக்கிறான். கம்பனி கொடுக்காத காசுக்கு நாம் வட்டி கட்டுகிறோம்.

நாம் கேட்பது கடன் அல்ல. வாழப் போதுமான சம்பளம், உறுதிப் பத்திரத்துடன் காணி, வட்டிக்குச் சட்டப்படி கடிவாளம்.

அதுவரை, ஆண்டு வட்டி எவ்வளவு என்று தமிழில் எழுதித் தராத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கட்டிய காசுக்கெல்லாம் துண்டு வாங்கி வையுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அறவிட வருபவனை லயத்தில் உட்கார விடாதீர்கள். உடனே தோட்டத் தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் சொல்லுங்கள். குழுவில் ஒருத்தி கட்ட முடியாமல் நின்றால் அவளைத் திட்டாதீர்கள், அவள் பக்கம் நில்லுங்கள்.