பாஸ் அவுட் ஆனவர்கள் மயங்கி விழுந்தவர்கள் அல்ல

'2024, 2025 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்ற வரியை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பார்க்காதவர்கள் குறைவு. நேர்காணலிலும் 'எந்த வருஷம் பாஸ் அவுட்?' என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குள் நுழைந்தால்தான் சிக்கல். 'பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது, கிராஜுவேட் என்று சொல்லுங்கள்' என்று அங்கே திருத்துகிறார்கள். இந்தியர்கள் செய்யும் ஆங்கிலப் பிழைகளின் பட்டியலில் இதற்கு நிரந்தர இடம் உண்டு, கூடவே ஒரு கேலிச் சிரிப்பும். இந்தத் திருத்தம் அரைகுறையானது. அது மட்டுமல்ல, ஆங்கிலம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியே மாணவருக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது.

முதலில் அகராதியைப் பார்ப்போம். மயங்குவது என்ற பொருள் உண்மைதான், ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதுவே பரவலானது. ஆனால், அமெரிக்க ஆசிரியர் வினாத்தாளை மாணவர்களுக்கு விநியோகிப்பதும் 'பாஸ் அவுட்'தான். அங்கே யாரும் மயங்குவதில்லை. பிரிட்டிஷ் வழக்கில் இன்னொரு பொருள் உண்டு: ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியே இதைப் பதிவு செய்திருக்கிறது. சென்னை பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பட்ட ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு அணியும் பயிற்சியை முடிக்கும்போது, மேஜர் பரமேஸ்வரன் பெயரிலான மைதானத்தில் நடக்கும் அணிவகுப்பின் பெயர் 'பாஸிங் அவுட் பரேடு'. நாளிதழ்கள் அதைப் 'பயிற்சி நிறைவு அணிவகுப்பு' என்று அழகாகத் தமிழில் எழுதுகின்றன. ராணுவக் கல்லூரியில் படித்து முடித்தவர் பாஸ் அவுட் ஆகலாம், பொறியியல் கல்லூரியில் படித்து முடித்தவர் ஆகக் கூடாது என்றால், அதற்கு என்ன காரணம் சொல்வது?

மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் 'கிராஜுவேட்' நம் ஊருக்கு முழுதாகப் பொருந்துவதுமில்லை. அமெரிக்காவில் பள்ளி முடித்தவரும் கிராஜுவேட் ஆகிறார். இங்கே அந்தச் சொல்லுக்குப் பட்டதாரி என்ற ஒரே பொருள்தான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர், ஐடிஐ முடித்தவர், பிளஸ் டூ முடித்தவர் தன்னை கிராஜுவேட் என்று எழுதினால் அது பொய்த் தகவலாகிவிடும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டியிருக்கிறது, அந்த வேலையைப் 'பாஸ் அவுட்' செய்கிறது. அதற்குள் இருக்கும் 'பாஸ்' சும்மா இல்லை. அரியர் வைத்துவிட்டு வெளியே வந்தவர் 'கோர்ஸ் கம்ப்ளீட்டட்' என்று நாசூக்காகச் சொல்லிக்கொள்வார், பாஸ் அவுட் என்று சொல்ல மாட்டார். இத்தனை நுட்பமாக ஒரு சொல்லைப் பயன்படுத்தும் சமூகத்தை மொழி தெரியாத சமூகம் என்பதா? 'கிராஜுவேட்' சொல்லின் வரலாறும் கறைபடியாதது அல்ல. பல்கலைக்கழகம்தான் ஒருவருக்குப் பட்டம் தருகிறது என்பதால், அந்த வினையைச் செயப்பாட்டு வடிவில்தான் எழுத வேண்டும், மாணவரை எழுவாயாக வைப்பது பிழை என்று ஒரு காலத்தில் இலக்கணக்காரர்கள் கண்டித்தார்கள். அந்தப் 'பிழை'யைத்தான் இன்று சரியான ஆங்கிலமாக நமக்குக் கற்பிக்கிறார்கள்.

பாஸ் அவுட் சேர்ந்திருக்கும் ஃப்ரேசல் வெர்ப் என்ற இனமே வழக்கால் பொருள் பெறுவதுதான். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்தச் சேர்க்கைகள்தான் வெளிநாட்டினரை மிகவும் திணறடிப்பவை என்று குறிப்பிட்டார். பகுதிகளின் பொருளைக் கூட்டினால் முழுமையின் பொருள் வராது, வழக்குதான் அதைத் தீர்மானிக்கும். தமிழருக்கு இது புதிதல்ல. 'காட்டு', 'கொடு' இரண்டும் தெரிந்தவருக்கும் 'காட்டிக்கொடு' என்பதன் துரோகம் தானாக விளங்கிவிடாது. நம் ஆங்கில வகுப்புகள் இந்த உறவை ஏனோ தொடுவதேயில்லை. 'அவுட்' பல வினைகளோடு சேரும்போது, ஒன்று முடிந்தது, தீர்ந்தது, வெளியேறியது என்ற சாயலைத் தருகிறது. டிக்கெட் 'சோல்ட் அவுட்' ஆவதும் படிப்பை விட்டவர் 'டிராப் அவுட்' ஆவதும் அப்படித்தான். பாதியில் வெளியேறியவரை டிராப் அவுட் என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புதல் இருக்கிறது. முழுதாக முடித்து வெளியேறியவரைப் பாஸ் அவுட் என்பதும் அதே அச்சில் வார்த்ததுதான்.

வெளிநாட்டில் இது புரியாதே என்பார்கள். நியாயமான கவலைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. 'கம்ப்ளீட்டட்' என்று எழுதலாம், பட்டதாரியாக இருந்தால் 'கிராஜுவேட்டட்' என்றே எழுதலாம். 'பாஸ் அவுட்' என்றே எழுதிவிட்டாலும், கல்லூரியின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் பார்த்தபின் அவர் மயங்கி விழுந்ததாக யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் படிப்பவரின் உதட்டில் ஒரு புன்னகை வரலாம். வாசகருக்கேற்பச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எழுதுபவரின் பொறுப்பு. அமெரிக்கருக்குப் புரியாது என்பதற்காக ஒரு சொல் பிழையாகிவிடாது. அமெரிக்க வழக்குகள் சில லண்டனிலும் விநோதமாகத்தான் ஒலிக்கின்றன, அவற்றை யாரும் பிழைப் பட்டியலில் போடுவதில்லை.

எல்லாவற்றையும் இப்படி ஏற்றுக்கொண்டால் பிழை என்று எதுதான் மிஞ்சும்? நிறையவே மிஞ்சும். 'லுக் ஆஃப்டர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மாணவர் 'லுக் ஃபார்' என்றால், கவனித்துக்கொள்வது தேடுவதாக மாறிவிடுகிறது. அவர் நினைத்தது அவருடைய வகுப்பிலேயே யாருக்கும் போய்ச் சேராது, அதனால் அது திருத்த வேண்டிய பிழை. 'டிஸ்கஸ் அபவுட்' இன்னொரு ரகம். எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் அந்த 'அபவுட்' பொருளில் எதையும் கூட்டவில்லை, அதற்காக வாதாட எனக்கு மனமில்லை. பாஸ் அவுட் அப்படியல்ல. படித்தவர்கள் நடுவே நிலைத்த பொருளோடு புழங்குகிறது, வேறு சொல் நிரப்பாத இடத்தையும் நிரப்புகிறது. 'ப்ரீபோன்' என்ற இந்தியச் சொல்லையும் ஒரு காலத்தில் கேலி செய்தார்கள், இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. மாற வேண்டியது வகுப்பறை. ஒரு ஃப்ரேசல் வெர்புக்கு எதிரே ஒரே ஒரு பொருளை எழுதிப் 'பொருத்துக' என்று மதிப்பெண் போடுவதை நிறுத்தலாம். அதற்குப் பதில் பாஸ் அவுட் வரும் மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, இவற்றை எந்த நாட்டில், யார், யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கலாம்.