பதினெட்டில் அழியாத பதிவு

அமெரிக்காவில் சிறார் நீதிமன்ற வழக்குகளைப் பற்றிப் பரவலான ஒரு நம்பிக்கை உண்டு: 18 வயது நிறைந்ததும் பழைய வழக்கு இல்லாமல் போய்விடும், துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ அது தடையாகாது. இந்த நம்பிக்கை நான்கு வாதங்களின் மீது நிற்கிறது. நான்கும் சட்டத்தின் முன் நிலைப்பதில்லை.

முதல் வாதம், சிறார் நீதிமன்றம் வழங்குவது குற்றத்தீர்ப்பே அல்ல என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. சிறார் தீர்ப்பு பொதுவாக இதில் சேராது. ஆனால் எது குற்றத்தீர்ப்பு என்பதை, வழக்கு நடந்த மாநிலத்தின் சட்டத்தைக் கொண்டே மத்திய சட்டம் முடிவு செய்கிறது. தவிர, மாநிலங்களுக்குச் சொந்தத் தடைகளும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கித் தடையைப் பொறுத்தவரை சிறார் தீர்ப்பும் பெரியவர் பெறும் தீர்ப்பும் ஒன்றே.

இரண்டாவது வாதம், தடை இருந்தாலும் 18 வயதோடு முடிந்துவிடும் என்பது. பெரியவர் செய்தால் பெருங்குற்றமாகும் செயலுக்காகச் சிறார் தீர்ப்புப் பெற்றவருக்கு ஃபுளோரிடாவில் 24 வயது வரை தடை உண்டு. கலிபோர்னியாவில் குறிப்பிட்ட குற்றங்களுக்கு 30 வயது வரை. விஸ்கான்சினில் கால வரம்பே கிடையாது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவர் அல்லர் என்று நீதிமன்றம் தீர்மானித்தால்தான் தடை நீங்கும். அதை நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது.

மூன்றாவது வாதம்தான் பலரையும் சிக்க வைக்கிறது: ஆவணத்தை நீதிமன்றம் மூடி முத்திரையிட்டுவிட்டால் உரிமையும் கூடவே திரும்பிவிடும் என்பது. வாஷிங்டனில் 15 வயதில் ஒரு வீட்டுக்குள் திருடப் புகுந்து தீர்ப்புப் பெற்ற சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்தபின் அவனது ஆவணம் மூடப்படுகிறது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் பழைய வழக்கு இனிக் குறுக்கே வராது. ஆயினும் துப்பாக்கித் தடை அப்படியே இருக்கும். அதை நீக்க, சுப்பீரியர் கோர்ட்டில் தனி மனு போட வேண்டும். அதற்குமுன் புதிய குற்றத்தீர்ப்பு எதுவுமின்றி 5 ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கழிந்திருக்க வேண்டும். ‘ஏ’ வகைப் பெருங்குற்றமோ பாலியல் குற்றமோ என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். ஆவணத்தை மூடும் ஆணை ஒன்று, உரிமையை மீட்கும் ஆணை வேறு. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நினைத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர், தன்னை அறியாமலே புதிய குற்றவாளி ஆகிறார்.

நான்காவது வாதம், பழைய சிறார் வழக்கு யார் கண்ணிலும் படாது என்பது. 2022ஆம் ஆண்டின் இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டத்துக்குப் பிறகு, 21 வயதுக்கு உட்பட்டவர் கடையில் துப்பாக்கி வாங்க முயன்றால் சிறார் ஆவணங்களும் விசாரிக்கப்படும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 10 வேலை நாட்கள் வரை ஆகலாம். அதே சட்டம், மத்தியத் தடையை மீறித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தியது. தொடர் ஆயுதக் குற்றவாளிகளுக்கு 15 ஆண்டு குறைந்தபட்சச் சிறை விதிக்கும் மத்திய சட்டமோ, துப்பாக்கியோ கத்தியோ ஏந்திச் செய்த வன்முறைக் குற்றத்துக்கான சிறார் தீர்ப்பையும் வெளிப்படையாகவே கணக்கில் சேர்க்கிறது.

சிறுவயதில் தவறியவருக்குத் திருந்தி வாழ வழி திறந்திருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது. வயது ஏறுவதால் மட்டும் அது கைகூடிவிடாது. எனவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே இந்தத் தடையைச் சிறுவனுக்கும் பெற்றோருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை. உரிமை திரும்பியதாகக் கூறும் நீதிமன்ற ஆணையோ, தடைக்காலம் முடிந்ததற்கான தெளிவான சட்ட விதியோ இல்லாதவரை துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே சம்பந்தப்பட்டவருக்குப் பாதுகாப்பு.