அந்த ஒரு தோட்டா!

சென்ற மாதம் முகையூருக்குப் போயிருந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர். என் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சித்தப்பா மகள்.

அவள் கணவர் கரும்பு விவசாயி. நல்ல உழைப்பாளி. குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு பித்துதான்.

துப்பாக்கிப் பித்து!

சோறு போட்டுக்கொண்டே தங்கை சொன்னாள்:

"அண்ணா! இவர் கைத்துப்பாக்கி வாங்கப்போகிறாராம். கரும்புப் பணம் வந்ததும் லைசென்சுக்கு மனு போடுவாராம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. பெரியவனுக்கு ஏழு வயது. நீங்களாவது சொல்லுங்கள்!"

மாப்பிள்ளை சிரித்தார். "சாப்பிடுங்கள் மச்சான். சாயங்காலம் டீக்கடைக்குப் போவோம். நம் கூட்டாளிகள் வருவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே ஆசை வந்துவிடும்" என்றார்.

போனேன்.

டீக்கடை மாநாடு

ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். ஒருவர் உரக்கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் கல்லூரியில் படித்த பிள்ளைகள். எல்லாருடைய தலையும் ஒரு செல்போன் மேல் கவிழ்ந்திருந்தது.

செல்போனில் ஒரு கைத்துப்பாக்கி சுழன்றது. மேலிருந்து காட்டினார்கள். கீழிருந்து காட்டினார்கள். குழந்தையைக் கொஞ்சுவதைப்போல இவர்கள் அதைக் கொஞ்சினார்கள்.

"கனமே இல்லை."

"பிடி வழவழப்பாக இருக்கும் போலிருக்கிறது. கை வேர்த்தால் நழுவும்."

"விசை கொஞ்சம் கடினம் என்கிறார்கள்."

"இந்த விலைக்கு வெளிநாட்டுச் சரக்கு வருமா?"

இவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை!

இவர்களைப் பரிகசிக்க நான் இதை எழுதவில்லை. நல்ல யந்திரத்தைப் பார்த்தால் மனிதனுக்கு ஆசை வரும். புது மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்று பார்ப்பதில்லையா? புது டிராக்டர் ஊருக்குள் வந்தால் வேடிக்கை பார்ப்பதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும்.

ஆனால், அந்தப் பேச்சில் ஒன்று விட்டுப்போயிற்று. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

என்ன துப்பாக்கிகள்?

இவர்கள் பேசிய துப்பாக்கிகள் இந்தியாவில் செய்தவை.

2014-ஆம் ஆண்டில் கான்பூரில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டது. பயம் இல்லாதவர் என்று பொருள். பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்தார்கள். எடை அரைக் கிலோ. அன்றைய விலை 1 லட்சத்து 22 ஆயிரத்து 360 ரூபாய்.

2023-ஆம் ஆண்டில் அதே கான்பூரிலிருந்து "பிரபல்" வந்தது. அதுவும் ரிவால்வர். 50 மீட்டர் வரை குறி எட்டும் என்று அறிவித்தார்கள்.

கொல்கத்தா அருகே இச்சாப்பூரில் உள்ள தொழிற்சாலை "அசனி" என்ற பிஸ்டலைச் செய்கிறது. அசனி என்றால் இடி. பழைய தமிழ் அகராதியிலும் இந்தச் சொல் உண்டு.

நம் தமிழ்நாட்டிலும் துப்பாக்கி செய்கிறார்கள். திருச்சி தொழிற்சாலை 1966 முதல் நடக்கிறது. ஆனால், அது பேர் வாங்கியது ராணுவத்துக்கான துப்பாக்கிகளில்.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்? இதுதான் முக்கியம். கவனியுங்கள்.

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கும். உருளையில் ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு தோட்டா. உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா என்று கண்ணால் எண்ணிவிடலாம்.

பிஸ்டல் அப்படிப்பட்டதல்ல. தோட்டாக்களை ஒரு சிறு பெட்டியில் அடுக்கிப் பிடிக்குள் செருகுவார்கள். அதற்கு "மேகசின்" என்று பெயர். மேல் தகட்டைப் பின்னால் இழுத்துவிட்டால், முதல் தோட்டா குழலின் அடியில் போய் உட்காரும். விசையை அழுத்தியதும் வெடிக்கும். வெடித்த வேகத்தில் மேல் தகடு பின்னால் பாயும். காலிக் கூடு வெளியே தெறிக்கும். வில்லின் விசையால் தகடு முன்னால் வரும்போது, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டே வரும்.

நாம் செய்யவேண்டியது விசையை அழுத்துவது மட்டும். ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு. மற்ற வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அதற்குப் பாதித் தானியங்கி என்று பெயர்.

"மச்சான், நான் வாங்கப்போவது அசனிதான்" என்றார் மாப்பிள்ளை.

தீப்பெட்டிப் பாடம்

பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவர். அதுவரை வாயைத் திறக்கவில்லை.

அவர் தம்முடைய தீப்பெட்டியை எடுத்தார்.

"தம்பி! இது மேகசின். உள்ளே இருக்கும் குச்சிகள் தோட்டாக்கள். சரியா?"

"சரி, ஐயா."

ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"இது குழலுக்குள் போய்விட்டது. இப்போது மேகசினைக் கழற்றிவிடுகிறேன்." தீப்பெட்டியைத் தூக்கித் தூரப் போட்டார். "துப்பாக்கி காலியா?"

"காலி!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

பெரியவர் விரலை உயர்த்தினார்.

"அப்படியானால், இது என்ன?"

டீக்கடையில் சத்தம் இல்லை.

"இந்த ஒன்றுதான் ஆளைக் கொல்லும், தம்பி. மேகசினைக் கழற்றியவன் காலி என்று நினைப்பான். மேசைமேல் வைப்பான். பிள்ளை எடுத்து விளையாடும். பட்டாளத்தில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான். மேகசினைக் கழற்று. தகட்டை இழு. கண்ணால் பார். விரலை விட்டுப் பார். காலியான துப்பாக்கி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொள்."

எடையைப் பற்றிப் பேசினார்கள். விலையைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒரு தோட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லையே!

புதிதா? பழையதா?

"புதுத் துப்பாக்கி, புதுத் துப்பாக்கி" என்கிறோம். இந்த வகை பிஸ்டலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் பிறந்த ஜான் பிரௌனிங் என்பவர் இதில் மேதை. அவர் வரைந்து கொடுத்த பிஸ்டலைப் பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை ஒன்று 1900-ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. உலகமே வியந்தது. அதற்காகச் செய்த 7.65 மில்லிமீட்டர் தோட்டாதான் இன்று அசனியிலும் போடப்படுகிறது!

அந்தப் பிரௌனிங் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில், வ.வே.சு. அய்யர் வாஞ்சிநாதனுக்குக் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். இரண்டு உயிர்கள் போயின.

1914 ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரத்தில் ஆஸ்திரியா இளவரசரையும் அவர் மனைவியையும் ஒரு வாலிபன் சுட்டான். அதுவும் பிரௌனிங் வரைந்த பிஸ்டல். அதைச் சாக்காக வைத்து முதல் உலகப் போர் மூண்டது.

1948 ஜனவரி 30-ந் தேதி காந்தி அடிகளின் உடலில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. அது இத்தாலி நாட்டுப் பிஸ்டல்.

இவை எல்லாம் திட்டம் போட்டுச் சுட்டவை. "நான் யாரையும் கொல்லப்போவதில்லையே!" என்று நீங்கள் கேட்கலாம்.

சரி. 1967 ஜனவரி 12-ந் தேதியை நினைத்துப்பாருங்கள். ராமாபுரம் தோட்டத்து வீட்டில், எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் குண்டு வெடித்தது. பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள் அவர்கள். இருவருமே காயம் அடைந்தார்கள். இருவருமே பிழைத்தார்கள். ராதா சிறைக்குப் போனார். எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்பி வரவில்லை.

வீட்டில் பேச்சு முற்றும். கை ஓங்கும். மறுநாள் சமாதானம் ஆகும். இது உலக இயல்பு. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மறுநாள் என்பதே இல்லாமல் போய்விடலாம்.

திருடன் வந்தால்?

மாப்பிள்ளை விடவில்லை.

"மச்சான், எங்கள் வீடு வயலுக்கு நடுவில் இருக்கிறது. ராத்திரி யாராவது வந்தால் கூப்பிட ஆள் இல்லை. பட்டணத்தில் இருக்கும் உங்களுக்கு என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ஓடக்கூடாது.

திருடன் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நள்ளிரவில் வருவான். அந்த நேரத்தில் உதவவேண்டும் என்றால், துப்பாக்கி தலையணைக்கு அடியில் இருக்கவேண்டும். உள்ளே தோட்டாவும் இருக்கவேண்டும். அப்படி வைத்தால், ஏழு வயதுப் பிள்ளை பகலில் அதை எடுத்துவிடும்.

பிள்ளைக்குப் பயந்து இரும்புப் பெட்டியில் பூட்டினால்? சாவி ஒரு பக்கம். தோட்டா ஒரு பக்கம். பெட்டியைத் திறப்பதற்குள் திருடன் ஊர் எல்லையைத் தாண்டிவிடுவான்!

பூட்டினால் திருடனுக்குப் பயன்படாது. பூட்டாவிட்டால் பிள்ளைக்கு எமன். இரண்டில் எது வேண்டும்?

திருடன் வரும் ராத்திரி ஒன்று வரலாம், வராமலும் போகலாம். பிள்ளை வீட்டில் இருக்கும் பகல், வருஷத்தில் 365 உண்டு!

கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். வாசலில் விளக்குப் போடுங்கள். இரண்டு நாய் வளருங்கள். நாய் லேசாகத்தான் தூங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டில் வந்தது. 1962 முதல் அமலில் இருக்கிறது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைதான்.

மாவட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கவேண்டும். போலீசார் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். மனு போட்டவருக்கு எல்லாம் லைசென்சு கிடைத்துவிடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சியும் பெறவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் குஷிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சினிமாவில் கதாநாயகன் பிடிக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலைச் சாதாரண மக்கள் லைசென்சு போட்டு வாங்க முடியாது. அது தடை செய்யப்பட்ட அளவு.

பயிரைக் காக்க என்று கேட்கும் விவசாயிக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. ஆனால், அது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிக்கு. காட்டுப்பன்றியை விரட்டப் பிஸ்டல் எதற்கு?

ஆசையை எங்கே கொண்டுபோவது?

ஆசையைக் கொல்லச் சொல்லவில்லை. அதற்கு ஓர் இடம் இருக்கிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டு!

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் விஜயகுமார் வெள்ளிப் பதக்கம் வாங்கினாரே, எதில்? பாதித் தானியங்கி பிஸ்டலில்தான்! 25 மீட்டர் தூரத்தில் ஐந்து குறிகள். ஐந்தையும் சுட முதலில் 8 வினாடி தருவார்கள். பிறகு 6 வினாடி. கடைசியில் 4 வினாடி!

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் காற்றுப் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்றார். நம் பக்கத்துக் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-ஆம் ஆண்டு ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார்.

அந்தப் போட்டிகளில் ஒரு விதி உண்டு. சுடாத நேரத்தில் துப்பாக்கியின் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகி வைக்கவேண்டும். எதற்கு? உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரிய!

உலகச் சாம்பியனே "என் துப்பாக்கி காலி" என்று வாயால் சொன்னால் போதாது. கொடியைக் காட்டவேண்டும். முகையூர் மாப்பிள்ளை மட்டும் வாயால் சொன்னால் போதுமா?

என் கருத்து இதுதான். துப்பாக்கியை ரசியுங்கள். அதன் வேலைப்பாட்டைப் படியுங்கள். குறி பார்க்க ஆசை இருந்தால் சுடும் சங்கத்தில் சேர்ந்து முறையாகப் பழகுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குங்கள். ஆனால், பெருமைக்காக ஒரு கைத்துப்பாக்கியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், "விலை என்ன?" என்று கேட்காதீர்கள். "எங்கே வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நான் புறப்படும்போது மாப்பிள்ளை பஸ் நிறுத்தம் வரை வந்தார். லைசென்சுப் பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஏறும் நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"மச்சான், பெரியவர் தூக்கிப் போட்ட தீப்பெட்டியை நேற்று என் பெரிய பையன் எடுத்து வந்துவிட்டான். அடுப்படியில் உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்தான். நல்ல வேளை, உங்கள் தங்கை பார்த்துவிட்டாள்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"கரும்புப் பணம் வந்ததும் வாசலுக்கு ஒரு இரும்புக் கதவு போடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.