கமரா ஆரின்ர கையில?



இந்தக் கிழமை எபிசோடில ட்ரக்குக்குள்ள பூட்டுற ஏஐ கமராக்களைப் பற்றிக் கதைச்சம். கதை முழுக்க ஓட்டுநரைப் பார்க்கிற கமராவோடயே முடிஞ்சு போச்சு. அதே தொழிலில வீடியோ செய்யக்கூடிய இன்னொரு வேலை இருக்கு. அதுக்கு எபிசோடில நேரம் கிடைக்கேல்லை, அதால இங்க எழுதுறன்.

என்ர கருத்தை முதலே சொல்லிடுறன். சரக்குப் போக்குவரத்துத் தொழில் வீடியோவுக்குக் காசு போடுற இடம் பிழை. விளம்பரத்துக்குப் போடுது, கண்காணிப்புக்குப் போடுது. வேலைக்கு வந்த ஆளுக்கு அந்த வேலையைக் காட்டிக் குடுக்கிற வீடியோ எண்டு வந்தால் மட்டும் கையை இறுக்கிப் பிடிக்குது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம் எண்டு ரொறன்ரோ பெரும்பாகத்தில வளர்ந்தவைக்குச் சொல்லத் தேவையில்லை. பியர்சன் விமான நிலையத்தைச் சுற்றி, 401-க்கும் 410-க்கும் பக்கத்தில, மிசிசாகாவிலயும் பிரம்டனிலயும் வரிசையா நிற்கிற வெயர்ஹவுஸ்களில எங்கட குடும்பத்தில ஆரோ ஒருத்தர் ஒரு காலத்தில வேலை செய்திருப்பினம். சிலர் இப்பவும் இரவு ஷிஃப்ட் செய்யினம். அவைக்கு அந்த வேலையைப் பழக்கினது ஆர்? அநேகமா பக்கத்தில நிண்ட இன்னொரு தொழிலாளி.

அழகான வீடியோ

ட்ரக் விளம்பரம் எண்டால் உங்களுக்கு ஞாபகம் வாறது வொல்வோ 2013-ல வெளியிட்ட வீடியோவாத்தான் இருக்கும். இரண்டு ட்ரக்குகள் பின்பக்கமா ஓட, நடுவில ஜோன் குளோட் வான் டாம் காலை விரிச்சு நிற்பார். வெறும் சாகசம் மட்டும் இல்லை. அந்த ஸ்டியரிங் எவ்வளவு துல்லியமா ட்ரக்கைப் பிடிச்சு வைக்கும் எண்டதை நேரடியாக் காட்டினது. நல்ல வீடியோ எண்டால் அப்படித்தான்: சொல்ல வேண்டியது ஒண்டு, அதைக் கண்ணால காட்டுறது.

அதைப் பார்த்துப் பழகின சின்னக் கம்பனிகள் எடுக்கிறது வேற மாதிரி. ட்ரோன் மேல போகும், சூரியன் மறையும், கழுவித் துடைச்ச ட்ரக்குகள் வரிசையா நிற்கும், ரெண்டு பேர் ஸ்லோ மோஷனில கை குலுக்குவினம். ஆள் எடுக்கிறதுக்கும் இதே வீடியோதான். தூரப் பயணம் ஓடுற ஓட்டுநர் கேட்கிற கேள்விக்கு அதில பதில் இராது. அவருக்கு அநேகமா மைல் கணக்கில சம்பளம். டொக்கில மணிக்கணக்கில காத்துக்கொண்டு நிண்டால் அந்த நேரத்துக்குக் காசு உண்டா? வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருக்கா வரலாம்? இந்த ரெண்டுக்கும் ஒரு ஓட்டுநரே ஃபோனைப் பிடிச்சு நேர்மையாப் பதில் சொன்னால், அது ட்ரோன் வீடியோவை விட நல்ல ஆளைக் கொண்டுவரும்.

முகத்தைப் பார்க்கிற வீடியோ

வெளிப்பக்கம் பார்க்கிற டாஷ்கமராவை நான் எதிர்க்கேல்லை. விபத்தில பிழை ஆரில எண்டு வரேக்க, பெரிய வாகனம் ஓட்டினவரைக் காப்பாற்றுறது பல நேரம் அந்தக் கமராதான். உள்பக்கம் பார்க்கிறது வேற கதை. கொட்டாவி விட்டால், கண் விலகினால், ஃபோனைத் தொட்டால் அது எச்சரிக்கும், பதிவு செய்யும், ஒபிசுக்கு அனுப்பும்.

ஒன்ராறியோவில 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற நிறுவனம் எண்டால், மின்னணுக் கண்காணிப்பு பற்றி எழுத்தில ஒரு கொள்கை வச்சிருக்க வேணும். 2022 ஒக்டோபர் 11 முதல் அது கட்டாயம். ஆனால் சட்டம் கேட்கிறது, கண்காணிக்கிறோம் எண்டு சொல்லச் சொல்லித்தான். கண்காணிக்க வேண்டாம் எண்டு சொல்லுற உரிமையை அது தொழிலாளிக்குக் குடுக்கேல்லை.

எனக்குக் கவலை என்னவெண்டால், அந்தக் கமராவில விழுற "மயிரிழையில தப்பினது" கிளிப்புகளை விடப் பெறுமதியான பயிற்சிப் பொருள் இந்தத் தொழிலில வேற இல்லை. பனியில ஒரு ஓட்டுநர் முன்னுக்கு நிண்ட காரை எப்படித் தவிர்த்தார், வலப்பக்கம் திரும்பேக்க சைக்கிள் எங்க மறைஞ்சு நிண்டது எல்லாம் அதில இருக்கு. ஆனால் அந்தக் கிளிப் போய்ச் சேருறது ஒழுக்காற்றுக் கோப்புக்கு. ஓட்டுநரின் சம்மதத்தோட, முகத்தை மறைச்சு, அதையே மற்றவைக்குப் பாடமாக் காட்டலாம். அப்பதான் அந்தக் கமரா ஓட்டுநருக்கும் உதவுது எண்டு ஆரும் நம்புவினம்.

காட்டிக் குடுக்கிற வீடியோ

ஒரு லொஜிஸ்டிக்ஸ் கம்பனியில ஒப்பந்த வேலை செய்தன். பயிற்சிப் பதிவுகளை ஒரு சிஸ்டத்தில இருந்து இன்னொண்டுக்கு மாத்துறது. அந்த வீடியோக்களை அப்பதான் பார்த்தன். நாற்பது நிமிஷம், முழுக்க இங்கிலிஷ். மடிப்புக் கலையாத வெஸ்ட் போட்ட ஒரு நடிகர், எந்த ஊரிலயும் இல்லாத ஒரு சுத்தமான வெயர்ஹவுஸ். ஏஜென்சியால வந்த ஆக்கள் முதல் நாள் லஞ்ச் ரூமில கூட்டமா இருந்து பார்க்கினம். இங்கிலிஷ் தெரிஞ்ச ஒருத்தர் கேள்விகளுக்கு விடையை மெதுவாச் சொல்லுறார். சிஸ்டத்துக்குத் தெரியிறது ஒண்டுதான்: வீடியோ முடியும்வரை ஓடினது, "பாஸ்". ஆள் பழகினாரா எண்டு அதுக்குத் தெரியாது.

பொதுவான வீடியோ பயனில்லாமல் போறதோட நிற்காது, ஆபத்தாயும் முடியலாம். ஒரு உதாரணம். இருந்து ஓட்டுற ஃபோர்க்லிஃப்ட் சரிஞ்சால், குதிக்கக் கூடாது. குதிக்கிற ஆளின் மேலதான் மேற்கூரைக் கம்பி வந்து விழும். பெல்ட்டோட இருந்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, காலை ஊன்றி, சரியிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாச் சாய வேணும். ஆனால் பின்பக்கம் திறந்தபடி நிண்டு ஓட்டுற வகை எண்டால், பின்னால இறங்கி விலக வேணும். ரெண்டு வகையும் ஒரே கட்டடத்தில இருக்கும். எங்கேயோ எடுத்த ஒரு வீடியோவை ரெண்டு பேருக்கும் போட்டுக் காட்டினால், ஒருத்தருக்கு நாங்கள் பிழையானதைச் சொல்லிக் குடுக்கிறம்.

மொழி அடுத்தது. ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுது எண்டால், சட்டத்தின் பிரதியையும் அமைச்சின் விளக்கத் தாள்களையும் இங்கிலிஷிலயும் அந்த வேலைத்தலத்தின் பெரும்பான்மை மொழியிலயும் ஒட்ட வேணும். சுவரில ஒட்டுற தாளுக்கே அந்த மொழி தேவை எண்டு சட்டம் ஒத்துக்கொண்டாச்சு. பிரம்டனில ஒரு யார்டில முக்கால்வாசிப் பேர் பஞ்சாபியில கதைக்கேக்க, மார்க்கத்தில ஒரு வெயர்ஹவுஸ் லைன் முழுக்கத் தமிழில கதைக்கேக்க, வீடியோ மட்டும் ஏன் இங்கிலிஷில?

"லைசன்ஸ் எடுக்கேக்க பழகித்தானே வருகினம்" எண்டு கேட்பீங்கள். 2018 ஏப்ரல் 6-ல சஸ்காச்சுவானில ஹம்போல்ட் புரோங்கோஸ் ஹொக்கி அணியின் பஸ்ஸும், ஸ்டொப் சைனில நிற்காமல் வந்த ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தினம், 13 பேர் காயப்பட்டினம். ட்ரக் ஓட்டினவர் வேலைக்குப் புதுசு. ட்ரெய்லரின் தார்ப்பாய் காற்றில அடிச்சதில கவனம் போயிட்டுது எண்டு வழக்கில வந்தது. ஒன்ராறியோ 2017-லயே குறைஞ்சது 103.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கி இருந்தது. சஸ்காச்சுவானும் அல்பேர்ட்டாவும் 2019-லதான் கட்டாயமாக்கினது. ஒரு வீடியோ அந்த விபத்தைத் தடுத்திருக்கும் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் இந்த ட்ரெய்லருக்கு இந்தத் தார்ப்பாயை எப்படி இழுத்துக் கட்டுறது எண்டது வகுப்பறையில வாற விஷயம் இல்லை. அது யார்டில, ஆர் நிற்கினமோ அவையிட்ட இருந்து வாறது. ஆள் நிற்காத நாளில அது வராது.

தொண்ணூறு விநாடி

2014-ல பிலிப் குவோவும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் தளத்தில 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த பதிவுகளை ஆராய்ஞ்சினம். வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும், பார்க்கிறவை கவனத்தோட நிண்ட நேரத்தின் இடைநிலை 6 நிமிஷத்தைத் தாண்டேல்லை. காசு கொட்டின ஸ்டூடியோப் பதிவை விட, மேசையில இருந்து நேராப் பேசின சாதாரணப் பதிவு சில நேரம் கூடக் கவனத்தை இழுத்தது. அது பல்கலைக்கழகப் பாடம்தான். அங்கயே 6 நிமிஷம் எண்டால், ஷிஃப்ட் தொடங்க முதல் நிண்டபடி பார்க்கிற ஆளுக்கு நாற்பது நிமிஷம் எந்தக் கணக்கில?

நான் சொல்லுற வீடியோ இப்படி இருக்கும். தலைப்பு: "ட்ரெய்லருக்குள்ள ஏற முதல்". உங்கட டொக்கிலதான் எடுக்கிறது. உள்ள பச்சை லைட் எரியுதா, ட்ரெய்லர் பூட்டுப்பட்டிருக்கா? சக்கரத்துக்கு அடைப்பு வச்சிருக்கா? ட்ரக்கைக் கழட்டிக்கொண்டு போயிருந்தால், முன்பக்கத்துக்கு முண்டு குடுத்திருக்கா? டொக் பிளேட் ட்ரெய்லர் தரையில வடிவா இருக்கா? நாலு கேள்வி, நாலு குளோஸ்-அப், ஒவ்வொண்டையும் செய்யாட்டி என்ன நடக்கும் எண்டு ஒரு வசனம். காட்டுறது பதினைஞ்சு வருஷமா அந்த டொக்கில நிற்கிற அக்காவோ அண்ணையோ. சத்தத்தில கேட்காது, அதால எழுத்து கட்டாயம் வேணும். கியூஆர் கோட்டை அந்தக் கதவுக்குப் பக்கத்திலயே ஒட்டுங்கோ. எடுத்த திகதியைப் போடுங்கோ, உபகரணம் மாறினால் திரும்ப எடுங்கோ. எடுக்கேக்க அந்த இடத்தில வேலையை நிப்பாட்ட வேணும். காட்டிக் குடுக்கிற ஆளுக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம் வேணும்.

மனேஜர்மார் ரெண்டு மறுப்புச் சொல்லுவினம். முதலாவது, "வக்கீல் விடமாட்டார், பிழையாச் சொன்னால் எங்களுக்குத்தான் வழக்கு." அந்தப் பழக்கம் இப்பவும் வாய்வழியாப் போய்க்கொண்டுதான் இருக்கு. வாய்வழியாப் போற பிழையை ஆரும் திருத்த ஏலாது. வீடியோவைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் பார்த்து ஒப்பமிட்டிட்டு வெளியிடலாம். ரெண்டாவது, "ஏஐ டப்பிங் இருக்குத்தானே, இங்கிலிஷ் வீடியோவையே தமிழாக்கிடலாம்." பொறியியல் ரீதியா ஏலும். ஆனால் அது "பளுதூக்கி ஊர்தி" எண்டு சொல்லும். தளத்தில ஆரும் அப்படிச் சொல்லேல்லை. "ஃபோர்க்லிஃப்ட்", "ஸ்கிட்", "டொக்" எண்டுதான் தமிழிலயும் சொல்லுறம். டப்பிங் செய்த பிறகும் அந்த நடிகரும் அந்தச் சுத்தமான வெயர்ஹவுஸும் மாறப் போறதில்லை. எழுத்தை மொழிபெயர்க்க ஏஐயைப் பாவியுங்கோ. ஆனால் அந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துத் திருத்தாமல் ஒட்டாதேங்கோ.

நீங்கள் எங்க வாறீங்கள்

உங்களில கனபேருக்கு ரீல்ஸ் எடிட் பண்ணத் தெரியும். வீட்டில கேட்டு வளர்ந்ததால தமிழும் விளங்கும். சிலர் இப்ப இந்தக் கம்பனிகளிலயே ஒபரேஷன்ஸ், ஐடி, பாதுகாப்பு வேலைகளில இருக்கிறீங்கள். இந்த மூண்டும் ஒரே ஆளிட்ட இருக்கிறது அபூர்வம்.

ஒன்ராறியோவில 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில கூட்டுச் சுகாதாரப் பாதுகாப்புக் குழு இருக்க வேணும். அதில குறைஞ்சது பாதிப் பேர் தொழிலாளர் தரப்பு. அந்தக் குழு எழுத்தில ஒரு பரிந்துரை வச்சால், முதலாளி 21 நாளுக்குள்ள எழுத்தில பதில் குடுக்க வேணும். "இந்த மூண்டு வேலைக்கும், இந்த ரெண்டு மொழியிலயும், குறு வீடியோ வேணும்" எண்டு ஒரு பக்கம் எழுதிக் குடுக்க ஒரு சதமும் செலவில்லை.

இது ஒண்டும் பொருந்தாட்டி, வீட்டில தொடங்குங்கோ. வெயர்ஹவுஸில வேலை செய்யிற, இல்லாட்டி ட்ரக் ஓட்டுற ஆளிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: "நாளைக்குப் புதுசா ஒரு ஆள் வந்தால், முதல் நாளே என்ன சொல்லிக் குடுப்பீங்கள்?" வாற பதிலை எழுதி வையுங்கோ. அது உங்கட முதல் ஸ்கிரிப்ட்.

உங்கட வேலைத்தலத்தில உண்மையா உதவின ஒரு பயிற்சி வீடியோ இருந்தால், இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. உதவாததையும் எழுதலாம், கம்பனி பெயர் வேண்டாம். வாற பதில்களை வச்சு அடுத்த எபிசோடில கதைப்பம்.