தரகனுக்கும் ஒரு சங்கமா?

சர்க்காரிடம் பிறருக்காகப் பரிந்து பேசுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் ஐரோப்பிய தேசங்களில் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்துக்கொண்டு, சந்தா கட்டி, ஒழுக்க விதிகளில் கையொப்பமிட்டு, தொழிலுக்குரிய கௌரவத்தோடு நடமாடுகிறார்கள் என்ற செய்தியை எருமப்பட்டியிலோ நாமக்கல்லிலோ யாரிடம் சொன்னாலும், கேட்பவர் முதலில் சிரிப்பார், சிரித்து முடித்த பின், "தரகனுக்கும் சங்கமா?" என்பார். அந்த ஒரு கேள்விக்குள் ஒரு சித்தாந்தமே அடங்கிக் கிடக்கிறது. லாபி என்பது மேனாட்டு வியாதி. லஞ்சத்துக்கு இடப்பட்ட நாகரிகப் பெயர். அந்த வியாதிக்காரர்கள் கூடி வைத்த சங்கம் வெறும் திரை. அதைச் சட்டம் அங்கீகரித்துவிட்டால் கோடீசுவரனுக்குக் கதவு திறக்கும், குடியானவனுக்கு அடைபடும் என்பதே அது. தலையங்கம் எழுதுவோர் முதல் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருப்போர் வரையில் எல்லாரிடமும் வேரூன்றிவிட்ட இந்த அபிப்பிராயத்தில் மெய் கொஞ்சம் உண்டு. ஆயினும் அது, சொல்பவர்கள் சுட்டிக்காட்டும் இடத்தில் இல்லை.

மேனாட்டு வியாதி என்ற வாதத்தை எங்கள் ஊரில் நின்றுகொண்டு பேசுவதுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. எருமப்பட்டியிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் சிறிது தூரத்தில் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை கண்ணில் படும். அந்தக் கொட்டகையின் முட்டைக்குப் பண்ணைக்காரர்களே கூடி விலை சொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று 1982ஆம் ஆண்டில் ஏற்படுத்திய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை இங்கே அறியாத குழந்தை கிடையாது. அதே 1982இல்தான் எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அந்தச் சத்துணவுத் தட்டில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்து விழுந்த முட்டை, 1998இல் வாரத்துக்கு ஒன்றாகி, 2006இல் இரண்டாகி, மறு ஆண்டு மூன்றாகி, 2010இல் ஐந்தாயிற்று. குழந்தைகளின் தேகபுஷ்டியும் நாமக்கல்லின் வியாபாரமும் படிப்படியாக ஒருங்கே வளர்ந்தன. முட்டை விற்பவர் சத்துணவில் முட்டை கூட வேண்டும் என்று விரும்புவதும், அதைக் கோட்டையில் போய்ச் சொல்வதும் உலக இயற்கை. லாரி உரிமையாளர்களின் சங்கங்களோ, டீசல் விலைக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் எதிராக நாமக்கல்லில் கூடித் தீர்மானம் போடுவதும், சென்னைக்கும் டில்லிக்கும் மகஜர் கொண்டுபோவதும், மகஜர் பலிக்காதபோது வண்டிகளை நிறுத்திவிடுவதுமாகத் தலைமுறைகளைக் கழித்திருக்கின்றன. இவர்களையெல்லாம் நாம் தரகர் என்று சொல்வதில்லை. சங்கத் தலைவர் என்று மாலை போடுகிறோம்.

இது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. சென்னை வர்த்தக சபை 1836இலும், தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் உபாசி 1893இலும், இந்திய வியாபாரிகளின் தென்னிந்திய வர்த்தக சபை 1909இலும் தோன்றியவை. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் சென்னைச் சட்டசபையில் தோட்டக்காரருக்கும் வர்த்தகருக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கும் தனித்தனியே ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. வாசலில் நின்று பரிந்து பேசுவதற்குப் பதிலாக உள்ளேயே ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்ட ஏற்பாடு அது. பாரிஸ் நகரத்தின் பரிந்துரையாளர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் கண்டதோ 1991இல்தான். வியாதி என்றே வைத்துக்கொண்டாலும், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பது விசாரிக்கத்தக்க விஷயம்.

லஞ்சமும் லாபியும் ஒன்றே என்ற அடுத்த ஆக்ஷேபத்துக்குச் சமீப காலத்து உதாரணம் ஒன்றே போதும். 2021 ஆகஸ்டில், மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரையில் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று மத்திய சர்க்கார் அனுமதி வழங்கிற்று. தீவன விலை தலைக்கு மேல் ஏறியபோது கோழி வளர்ப்போரின் சங்கங்கள் அதை வேண்டின; இந்தூரிலிருந்து இயங்கும் சோயா ஆலைக்காரர்களின் சங்கம் அதை எதிர்த்தது. பண்ணைச் செலவில் பெரும்பங்கு தீவனமே ஆகையால், எருமப்பட்டிப் பண்ணைக்காரருக்கு அந்த அனுமதி உயிர்ப்பிச்சை. அறுவடையை எதிர்நோக்கியிருந்த மாளவத்துச் சோயாக் குடியானவனுக்கோ வயிற்றிலடி. இரண்டு தரப்பாரும் பரிந்து பேசினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. இருவரையும் கேளாமல் உத்தரவிடும் சர்க்கார் குருட்டு சர்க்காராகவே இருக்கும். சங்கம் கூடும் உரிமையை நமது அரசியல் சாசனமே பிரஜைகளுக்குக் கொடுத்திருக்கிறது. கூடியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அதன் கருத்தாக இருக்க முடியாது.

பணம் கைமாறினால் அது வேறு ஜாதிக் காரியம். ஆஸ்திரியாவின் முன்னாள் உள்துறை மந்திரியும் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினருமான எர்ன்ஸ்ட் ஸ்ட்ராசர், பரிந்துரையாளர் வேஷத்தில் வந்த லண்டன் பத்திரிகைக்காரர்களிடம் வருஷத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு இசைந்து பேசி, 2011இல் பதவி இழந்து, 2014இல் சிறைத் தண்டனை அடைந்தார். அவரைத் தண்டிக்கப் பழைய லஞ்சச் சட்டமே போதுமானதாக இருந்தது. ஆனால் ஆஸ்திரியா அத்தோடு நிற்காமல், பரிந்து பேசுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற தனிச் சட்டத்தை 2013 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்ந்த தேசம்தான் இரண்டுக்கும் இரண்டு சட்டம் வைக்கும்.

சங்கம் வெறும் திரை என்ற மூன்றாவது ஆக்ஷேபத்தில்தான் மெய்யின் அம்சம் இருக்கிறது. ஆகவே அதனிடம் சற்று நின்று பேச வேண்டும். பிரிட்டனில், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள் என்ற அபவாதம் எழுந்த அதே 1994ஆம் ஆண்டில் அரசியல் ஆலோசகர்களின் சங்கம் ஒன்று பிறந்தது. அங்கத்தினர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், பதவியில் இருக்கும் பாராளுமன்ற உறுப்பினரைச் சம்பளத்துக்கு அமர்த்தக் கூடாது என்பவை அதன் விதிகள். பின்னர் 2018இல் அது மக்கள் தொடர்புத் தொழிலினரின் பெரிய சங்கத்தோடு இணைந்துவிட்டது. அந்தப் பெரிய சங்கம், இணைப்புக்கு முந்தின ஆண்டில், பெல் பாட்டிஞ்சர் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தை வெளியேற்றிற்று. ஸகரான்பூரிலிருந்து போய்த் தென்னாப்பிரிக்காவில் செல்வம் குவித்த குப்தா சகோதரர்களின் கம்பெனிக்காக அந்நாட்டில் நிறத் துவேஷத்தைக் கிளறும் பிரசாரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. 2017 செப்டம்பரில் விலக்கப்பட்ட நிறுவனம் சில தினங்களுக்குள் திவாலாயிற்று. திரை என்று இகழப்பட்ட ஒரு சங்கத்தின் ஒரு தீர்மானம், தென்னாப்பிரிக்க எதிர்க்கட்சி ஒன்றின் புகாரின்மேல், லண்டனின் பெரிய நிறுவனம் ஒன்றைச் சாய்த்துவிட்டது.

ஆயினும் இந்த வெற்றியைக் காட்டி, சங்கமே போதும் என்று சொல்வது இன்னொரு மூடநம்பிக்கை. நாமக்கல்லில் முட்டை விலை தினமும் அறிவிக்கப்படுகிறது; அறிவித்த விலைக்குக் கீழே இத்தனை பைசா மைனஸ் என்று சொல்லி வியாபாரி முட்டையைத் தூக்குவதும் உண்டு; அறிவிப்புக்கு மதிப்பு உண்டு, அமலாக்கும் அதிகாரம் இல்லை. ஒழுக்க விதிகளின் கதியும் இதுவே. 1997இல் பிரஸ்ஸல்ஸில் தோன்றிய ஐரோப்பிய விவகாரத் தொழிலினரின் சங்கமும், 2005இல் தோன்றிய ஆலோசனை நிறுவனங்களின் சங்கமும், 2002இல் ஜெர்மனியில் அரசியல் ஆலோசகர்கள் கண்ட சங்கமும் அங்கத்தினரை மட்டுமே கட்டுப்படுத்தக் கூடியவை. அங்கத்தினராகச் சேராதவனையும், சேர்ந்து விலகியவனையும் அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. ஜெர்மன் பாராளுமன்றம் 1972 முதல் சங்கங்களின் பகிரங்க ஜாபிதா ஒன்றை, விரும்பினால் பெயர் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு, அரை நூற்றாண்டு காலம் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் 2022 ஜனவரி முதல் கட்டாயப் பதிவேட்டுக்குச் சட்டம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியப் போலீஸார் நோட்டுக் கட்டுகளைக் கைப்பற்றிய கத்தார் லஞ்ச விவகாரத்தில், ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் பான்செரி நடத்திவந்த 'ஃபைட் இம்ப்யூனிட்டி' என்ற ஸ்தாபனம் ஐரோப்பிய யூனியனின் பதிவேட்டில் பெயரே கொடுத்திருக்கவில்லை. ஆகவே நோய் பரிந்து பேசுவதில் இல்லை. பேசியது யார், யாரிடம், எதற்காக என்பது ஏட்டில் ஏறாமல் இருப்பதில் இருக்கிறது. சங்கம் அந்த ஏட்டில் கையெழுத்திடப் பழக்கும். ஏட்டை விரித்து வைக்கச் சட்டம்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட சட்டம் பணக்காரனுக்கே பயன்படும் என்பவர்கள் அயர்லாந்தின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரிலிருந்து அங்கே, ஒரே ஒரு சம்பளக் காரியதரிசியை வைத்திருக்கும் சங்கமாயினும், தன் அங்கத்தினருக்காக மந்திரியிடமோ எம்.பி.யிடமோ உள்ளூர்க் கவுன்சிலரிடமோ பேசினால், எதைப் பற்றிப் பேசியது, என்ன கேட்டது என்பதை வருஷத்துக்கு மூன்று முறை பதிவேட்டில் எழுத வேண்டும். கோடானுகோடி புரளும் அந்நியக் கம்பெனிக்கும் அதே படிவம். ஐரிஷ் விவசாயிகள் சங்கத்துக்கும் அதே படிவம். அந்த விவசாயிகள் சங்கம் வெட்கப்பட்டு ஒதுங்காமல் தன் கணக்கைத் தவறாமல் பதிந்து வருகிறது. செல்வந்தனுக்குச் சட்டமில்லாமலேயே கதவு திறந்திருக்கிறது. அவன் உள்ளே போனான் என்று சாமானியன் தெரிந்துகொள்வதற்குத்தான் பதிவேடு தேவைப்படுகிறது.

இந்த உண்மையை நாம் ஒருமுறை அவமானத்தோடு கற்றுக்கொண்டோம். சில்லறை வியாபாரத்தில் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி கிடைத்த 2012ஆம் ஆண்டின் கடைசியில், வால்மார்ட் கம்பெனி 2008 முதல் சுமார் இரண்டரைக் கோடி டாலரை அமெரிக்காவில் லாபிக்காகச் செலவிட்டதும், இந்தியச் சந்தைக்குள் நுழைவது அதன் விஷயங்களில் ஒன்றாக இருந்ததும் வெளியாகிப் பாராளுமன்றம் அமளிப்பட்டது. அச்செய்தி வந்தது அமெரிக்கச் சட்டப்படி அக்கம்பெனி அங்கே தாக்கல் செய்த கணக்கிலிருந்து. இங்கே சர்க்கார் நீதிபதி முத்கல் தலைமையில் விசாரணை வைத்தது. புரட்டிப் பார்க்கும்படியான இந்தியப் பதிவேடு ஒன்று அவருக்கு இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, கம்பெனிகளுக்காகப் பரிந்து பேசிவந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் வெளிவந்தபோதும் நாடு ஒட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டதே தவிர, படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டில்லியில் இத்தொழிலினருக்கு ஒரு மன்றம் 2008 முதல் இருக்கவே செய்கிறது. சங்கம் இருந்தும் ஏடு இல்லாத நிலைக்கு நாமே சாட்சி.

ஒடிஸாவின் பிஜு ஜனதா தள உறுப்பினர் காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி நடவடிக்கைகளை வெளியிடக் கட்டாயப்படுத்தும் தனிநபர் மசோதா ஒன்றை 2013இல் மக்களவையில் கொண்டுவந்தார். மறு ஆண்டு சபை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. அத்தகைய சட்டம் அன்றே நிறைவேறியிருந்தால், 2021இல் சோயாப் புண்ணாக்குக்காகக் கோழிச் சங்கத்தார் எந்த அதிகாரியை எந்தத் தேதியில் கண்டு என்ன கேட்டார்கள் என்பதை மாளவத்துக் குடியானவன், காலக்கெடு போதிய அளவு குறுகியதாக இருக்கும் பட்சத்தில், உத்தரவு வருவதற்கு முன்பே படித்து, தன் பதிலையும் அதே ஏட்டில் எழுதியிருக்கலாம். நாமக்கல் ஜில்லாவின் முட்டைச் சங்கங்களும் லாரிச் சங்கங்களும் இப்போது செய்யத்தக்கது, சட்டத்துக்குக் காத்திராமல் தாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மகஜரையும் கண்ட அதிகாரியின் பதவியையும் தேதியையும் சேர்த்து அச்சிட்டுச் சங்கக் கட்டடத்து வாசலில் ஒட்டிவிடுவதே. அதற்கு ஐரோப்பாவின் அனுமதியோ டில்லியின் மசோதாவோ தேவையில்லை.